பெயர் அறிந்தவரே மீட்பர்!

காஞ்சி மாநகரின் தென்மேற்கே, வேகவதியாற்றை அடுத்து அமைந்த சிற்றூர் திருப்பருத்திக்குன்றம். சினகாஞ்சி என்று வரலாற்றாசிரியர் வழங்குவது இவ்வூரையே. மேருமந்தர புராணத்தைச் செந்தமிழில் யாத்த வாமன முனிவரோடு தொடர்புடையது இவ்வூர். இங்குள்ள வருத்தமானர் கோவிலின் முன்னே, விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387-இல் எடுப்பித்த இசை மண்டபம் இன்றும் நிற்கின்றது. அதன் மேற்கூரையின் உட்புறத்தே ஆதிநாதர், நேமிநாதர், வருத்தமானர் முதலியோர் வரலாறுகள் வரிசை வரிசையாக வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளன. அவ் வோவியங்களைக் காணச் செல்வார், வண்ணத்தோடு மீளாது, அவற்றின் அடியில் எழுதப்பட்டுள்ள தமிழ்க் குறிப்புகளையும் நோக்குவாராக. காட்சி இன்னது என்பதை அவ் வெழுத்துகளே கூறும்.

ஓவியத்தைத் தீட்டியவர் அதன் பெயரையும் தீட்டி வைத்தனர். வண்ணம் மங்கிய இடத்தும் எழுத்து எஞ்சி நிற்குமாயின், ஆங்கிருந்த காட்சி யாதென்று பின்வருவோர் அறிதல் கூடும். படம் மறையினும் பெயர் மறையாதாயின் பொருள் மறையாது. சில நூற்றாண்டுகட்கு முன்னரே காஞ்சியின் புறத்தே உணரப்பட்டிருந்த இவ் வுண்மையை, இன்று கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கும் தமிழிளைஞர்க்கு எவரும் கற்பிக்கவில்லை. அதனால் விளையும் கேடு சிறிதன்று.

2011 செபுத்தம்பர் 15-ஆம் நாள் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்ற ஏழை மாணவர் பல இலக்கவர் கைகளில், அவர்தம் குடும்பத்தில் எவரும் அதுவரை தொட்டிராத ஒரு பொறி வந்து சேர்ந்தது. அப் பொறிகளிற் பலவற்றில் விண்டோசு என்னும் வணிக இயக்கத்தளத்தோடு, பாசு எனப்படும் லினக்சு இயக்கத்தளமும் இடம்பெற்றிருந்தது. டெபியன் என்னும் உலகளாவிய கட்டற்ற மென்பொருள் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு, நடுவணரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது அது. பின்னர் 2025-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலும், கல்லூரி மாணவர் 20 இலக்கவர்க்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. பொறி வழங்குதலில் தமிழகம் பின்தங்கவில்லை. பொறியின் அறிவை வழங்குதலில் எங்கு நிற்கின்றது என்பதே வினா.

ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்க. பட்டுத்தறி ஓடும் வீடொன்றில் ஒரு மாணவி லினக்சுக் கணிப்பொறியைத் திறக்கின்றாள். திரை ஒளிர்கின்றது, பின்புலப் படம் தெரிகின்றது. ஆனால் நாள்தோறும் திரையின் அடியிலோ முடியிலோ நின்ற பலகை அங்கில்லை. நிரல்களைத் திறக்கும் பட்டி இல்லை, திறந்த சாளரங்களின் பெயர்வரிசை இல்லை, நாழிகை இல்லை, இணைய இணைப்பின் குறி இல்லை. எழுதி முடித்த கட்டுரை உள்ளே இருக்கின்றது, எட்டுதற்கு வழியில்லை. தந்தை வரைவித்த புடைவைக் கரையின் வடிவமும் அதனுள்ளேயே இருக்கின்றது, அதற்கும் வழியில்லை.

அடுத்து நிகழ்வது யாது? பழுது பார்க்கும் கடைக்குப் பொறி செல்கின்றது. கடைக்காரர் பலர்க்கு லினக்சு தெரியாது. தெரியாது என்று கூறுதற்கும் மனம் வாராது. வட்டு முழுவதும் துடைக்கப்படுகின்றது; உரிமம் பெறாத விண்டோசுப் படி ஒன்று ஏற்றப்படுகின்றது. கட்டுரையும் கரைவடிவமும் ஒருங்கே அழிகின்றன. கூலியும் கொடுபடுகின்றது. இவை அனைத்தினும் கொடிய இழப்பு ஒன்றுண்டு. "லினக்சு நமக்கு ஒத்துவாராது" என்னும் முடிவோடு அப் பெண் வீடு திரும்புகின்றாள். உண்மையிற் பழுதுற்றது லினக்சு அன்று. ஒரு சிறு நிரல். அதனை மீட்க வேண்டியதும் பெரும்பாலும் ஓரிரு சொற்களே.

பலகை என்பது யாது என்று முதற்கண் தெளிதல் வேண்டும். விண்டோசிற் பழகியோர், திரையில் தோன்றுவன எல்லாம் ஒரே பொருள் என்று எண்ணுகின்றனர். லினக்சில் அவ்வாறன்று. 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினசு தோர்வால்டுசு தொடங்கிய கருவகம் அடியில் இயங்குகின்றது. அதன்மேல் திரையை ஆளும் நிரல். அதன்மேல் சாளரங்களை நிறுத்தும் நிரல். பின்புலத்தை விரிக்கும் நிரல். பலகையை நிறுத்தும் நிரல். சில பணிமேடைகளில் இவற்றுட் சில ஒன்றாய் இணைந்திருக்கும், எக்சு.எஃப்.சி.இ., மேட்டு முதலிய பணிமேடைகளிற் பலகை தனித்ததோர் நிரலே. எனவே பலகை வீழ்ந்தமையால் கணிப்பொறி வீழ்ந்ததாகாது, கோப்புகள் அழிந்தனவாகா.

காஞ்சி நெசவாளர்க்கு இதனைப் புதிதாகக் கூற வேண்டியதில்லை. தறியிற் பாவு வேறு, ஊடை வேறு, நாடா வேறு, கரையின் வடிவத்தை எழுப்பும் துளையட்டை வேறு. பாவில் ஓரிழை அறுமாயின், அறுந்த முனை இரண்டையும் தேடி முடிந்துவிட்டு நெசவாளர் மேலே நெய்வாரேயன்றித் தறியை உடைத்து விறகாக்குவாரோ? அத் துளையட்டைதானும் கணிப்பொறிக்கு மூதாதையன்றோ! பிரஞ்சு நாட்டுச் சக்கார்டு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தறிக்கு அமைத்த அட்டைகளைக் கண்டே, ஆங்கிலேயர் பாபேசு தம் கணிப்பு எந்திரத்திற்கு அட்டைகளை மேற்கொண்டார். தறியைச் செப்பஞ்செய்யும் கைக்குக் கணிப்பொறியைச் செப்பஞ்செய்யும் அறிவு அயலானதன்று.

அறுந்த இழையைத் தேடுதற்கு ஒரு முறை உண்டு. அம் முறையை இனிக் காண்க.

முதலாவது, பலகை உண்மையிலேயே இல்லையோ, ஒளிந்திருக்கின்றதோ என்று ஆராய்க. தானே மறையும் அமைப்பு அறியாமல் இயக்கப்பட்டிருப்பின், சுட்டியைத் திரையின் நான்கு விளிம்புகட்கும் கொண்டுசெல்ல, ஏதேனும் ஒன்றில் பலகை வெளிப்படும். வகுப்பறையிற் படவீழ்த்தியோடு இணைத்துப் பின் கழற்றிய பொறியாயின், பலகை அவ் வில்லாத இரண்டாந் திரையிலேயே நின்றுவிடுதலும் உண்டு. திரை அமைப்பினுட் சென்று, இருக்கும் திரையை முதன்மைத் திரையாக்கின் அது மீளும்.

இரண்டாவது, நிரல் நின்றுவிட்டதோ என்று பார்க்க. பட்டி இல்லாதபோது நிரலைத் திறப்பது எவ்வாறு என்று மலைக்க வேண்டா. கண்ட்ரோல், ஆல்ட் என எழுதப்பட்ட விசைகளோடு டி என்னும் எழுத்தையும் ஒருசேர அழுத்தின், பல பணிமேடைகளில் முனையம் திறக்கும். ஆல்ட்டோடு எஃப்2 விசையை அழுத்தின், நிரலின் பெயரை எழுதி ஏவும் சிறு பெட்டி தோன்றும். இரண்டும் வாராவிடின், கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்றையும் அழுத்துக. படமே இல்லாத எழுத்துத்திரை தோன்றிப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வினவும். அது தோன்றுமாயின் பொறி நலமே உள்ளது என்பது உறுதி. எஃப்1, எஃப்2, எஃப்7 ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு மீண்டும் படத்திரைக்கு வரலாம்.

மூன்றாவது, பலகையைப் பெயர் சொல்லி அழைக்க. எக்சு.எஃப்.சி.இ. பணிமேடையாயின், எக்சு, எஃப், சி, இ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும், 4 என்னும் எண்ணையும், ஓர் இணைப்புக் கோட்டையும், பேனல் என்னும் சொல்லையும் இடைவெளியின்றிச் சிறிய எழுத்தில் எழுதி ஏவுக. மேட்டு என்பதாயின் அதன் பெயர், இணைப்புக் கோடு, பேனல் என்று எழுதுக. கே.டி.இ. ஆயின் பிளாசுமாசெல் என்பதே ஒரு சொல்லாய் நிற்கும் பெயர். சின்னமன் என்பதாயின், எஃப்2 வழித் தோன்றும் பெட்டியில் ஆர் என்னும் ஓரெழுத்தை எழுதி ஏவின், பணிமேடை தன்னைத்தானே புதுக்கிக்கொள்ளும். பலகாலும் இந்த அளவிலேயே பலகை தோன்றிவிடும். ஒன்று நினைவிற் கொள்க: முனையத்திலிருந்து நேரே அழைத்த பலகை, முனையத்தை மூடின் அதனோடு மறைதல் கூடும். ஆதலின் எஃப்2 பெட்டி வழி அழைத்தலே ஏற்றது.

நான்காவது, அழைத்தும் வாராதாயின், முனையத்தில் அழைத்து, அது கூறும் ஏதச் செய்தியைப் படிக்க. நிரலே இல்லை என்று கூறின், மேம்பாட்டின்போது அது நீக்கப்பட்டிருத்தல் வேண்டும். இணையத்தோடு இணைத்து மீண்டும் நிறுவுதலே வழி. நிரல் இருந்தும் எழ மாட்டாதாயின், வட்டில் இடம் உளதோ என்று காண்க. வட்டு நிரம்பி வழியுமிடத்து, அமைப்புக் கோப்புகள் முழுமையாக எழுதப்படாமல் வெறுமையாய் நின்றுவிடும். வேண்டாத கோப்புகளை நீக்கி இடம் செய்த பின்னரே எம் மருத்துவமும் பயன்படும்.

ஐந்தாவது, பழுது பொறியினதோ பயனரதோ என்று பிரித்தறிக. புதியதொரு பயனர் கணக்கை உண்டாக்கி அதனுட் புகுக. ஆங்குப் பலகை நின்றால், நிரலுக்குக் குறையில்லை. பழைய கணக்கின் அமைப்புக் கோப்பே கெட்டுள்ளது. அக் கோப்புகள் பயனரின் இல்ல அடைவினுள், புள்ளியிற் பெயர் தொடங்குவதால் கண்ணுக்குத் தோன்றாத அடைவுகளில் உள்ளன. பலகைக்குரிய அமைப்பை அழித்துவிடாது, வேறு பெயரிட்டு ஒதுக்கி வைத்து, வெளியேறி மீண்டும் நுழைக. நிரல் தன் அமைப்பைக் காணாமையால், பிறந்த நாளிற் கொண்டிருந்த வடிவோடு புதிதாய் எழும். அழித்தல் மீளா வழி. பெயர்மாற்றல் மீளும் வழி. அறிவுடையார் மீளும் வழியையே முதலிற் கொள்வர்.

ஆறாவது, எக்சு.எஃப்.சி.இ.யில் அடிக்கடி நேரும் கரணியம் ஒன்று. வெளியேறுங்கால் அமர்வைச் சேமிக்கும் அமைப்பு இயங்குமாயின், அப்போது எவ்வெந் நிரல்கள் இயங்கினவோ அவற்றையே மறுநாள் அது எழுப்பும். பலகை வீழ்ந்திருந்த நிலையில் அமர்வு சேமிக்கப்பட்டிருப்பின், பலகையில்லா நிலையே நாள்தோறும் திரும்பும். பலகையை அழைத்து நிறுத்திய பின் அமர்வை மீளச் சேமித்தாலன்றி இந் நோய் தீராது.

இவ்வளவே செய்தி. இதனுள் மந்திரமும் இல்லை, மறைபொருளும் இல்லை. ஐயுறுதல், பிரித்தல், பெயர் கூறி அழைத்தல், கூறும் விடையைப் படித்தல் என்னும் நான்கே உள்ளன. பத்தாம் வகுப்பு மாணவர்க்கு ஒரு பாடவேளையிற் கற்பிக்கத் தக்கவை. பின் ஏன் அம் மாணவி கடைக்குச் சென்றாள்?

அவள் பலகையின் பெயரை அறியாள் என்பதே விடை. படத்தைத் தொட்டுத் தொட்டுப் பழகியவளுக்குப் படம் மறைந்தபோது கையில் ஒன்றும் எஞ்சவில்லை. பொறி தன் குறையைக் கூறியது, அயன்மொழியிற் கூறியது. தீர்வுகள் உலகெங்கும் எழுதப்பட்டுள்ளன. பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுள்ளன. தன் வீட்டுப் பொறியோடு தான் பேசுதற்கு ஒரு தமிழ்ப்பெண் இடையில் ஓர் அயலாரை நிறுத்த வேண்டியிருக்கின்றது. மொழியடிமை என்பது அரசு ஆணைகளிலும் மேடைகளிலும் மட்டும் இருப்பதன்று. இத்தகைய சிறு பலகைகளின் பின்னும் அது ஒளிந்திருக்கின்றது.

ஈண்டுப் பழியை ஆட்சியாளர் மேல் மட்டும் சுமத்துதல் நேர்மையாகாது. கட்டற்ற மென்பொருள் தமிழர்க்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கின்றது. அமெரிக்கரான இரிச்சர்டு தால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டத்தின் வழிவந்த கொள்கை, பயனர்க்கு நான்கு உரிமைகளை வழங்குகின்றது: எந் நோக்கத்திற்கும் இயக்கும் உரிமை, உள்ளமைப்பை ஆராய்ந்து மாற்றும் உரிமை, படியெடுத்து வழங்கும் உரிமை, மாற்றியதையும் வழங்கும் உரிமை. இவ் வுரிமைகளைக் கொண்டு தன்னார்வத் தமிழிளைஞர், ஊதியம் கருதாது, பணிமேடைகட்குத் தமிழ் இடைமுகம் சமைத்துள்ளனர். 2012-இல் தோன்றிய கணியம் என்னும் மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கி, நூல்களையும் விலையின்றி வெளியிட்டது. காஞ்சிபுரத்திலேயே லினக்சுப் பயனர் குழு ஒன்று தோன்றித் தமிழில் உரையாடி வந்துள்ளது. இவர்கட்குத் தமிழறிஞர் செய்த துணை எத்துணை?

கணிப்பொறியை ஒருமுறையும் தொடாமல் அதற்குச் சொல்லாக்கப் பட்டியல் எழுதியோர் உளர். பலகம் என்பார் ஒருவர். பலகை என்பார் ஒருவர். பணிப்பட்டை என்பார் மற்றொருவர். மூன்றும் தமிழே, ஆயினும் ஒரே பொறியில் ஓரிடத்து ஒன்றும் பிறிதோரிடத்துப் பிறிதொன்றும் தோன்றின், கற்பார் கலங்குவர். கலங்கியவர் ஆங்கில இடைமுகத்திற்கே திரும்புவர். தூய்மை என்பது சொல்லிற் பிறமொழி எழுத்து இல்லாமை மட்டுமன்று. பொருளைக் குழப்பமின்றிச் சுட்டுதலும் தூய்மையே. நல்ல சொல்லாயினும் பயன்படுத்துவார் நாவிற் பழகாதது ஏட்டுச் சுரையே.

அண்டை நாடான கேரளத்தை நோக்குக. பள்ளிகளிற் கணிப்பொறிக் கல்விக்கென 2001-இல் அங்கு ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. அது கட்டற்ற மென்பொருளையே மேற்கொண்டு, பள்ளிகட்கெனத் தனி லினக்சுத் தொகுப்பை அமைத்து, மலையாளத்தில் இயக்கவும் வழிசெய்து, ஆசிரியரையும் அதிற் பயிற்றியது. 2017-இல் அத் திட்டம் கைட்டு என்னும் அரசு நிறுவனமாக வளர்ந்தது. அடுத்த ஆண்டே மாணவர் மன்றங்கள் அமைந்து, பள்ளிப் பொறிகளின் பராமரிப்பிலும் மாணவர் பங்குபெற்றனர். தமிழிலிருந்து கிளைத்த மொழி தன் பிள்ளைகட்கு இதனைச் செய்ய முடிந்ததாயின், தாய்மொழிக்கு முடியாதோ? பொறியை வழங்கியதில் தமிழகம் முந்தியது. வழங்கிய பொறியைப் பேணக் கற்பித்ததிற் கேரளம் முந்தியது. இரண்டையும் ஒருங்கே செய்யும் நாடே கல்வியில் முந்தும்.

ஆதலின் செய்ய வேண்டுவன சில. மாணவர்க்கு வழங்கப்படும் ஒவ்வொரு மடிக்கணினியோடும், பழுது நேருங்கால் முதலிற் செய்ய வேண்டியவற்றைத் தமிழிற் கூறும் தாள் ஒன்று அச்சிட்டு வைக்கப்படல் வேண்டும். பொறியே திறவாதபோது பொறியினுள் இருக்கும் கையேடு பயன்படாது, அச்சுத்தாளே பயன்படும். கணிப்பொறிப் பாடத்தில், நிரலைப் பெயரிட்டு ஏவுதலும், ஏதச் செய்தியைப் படித்தலும், கோப்பை அழிக்குமுன் படியெடுத்தலும் செய்முறைப் பயிற்சியாதல் வேண்டும். பலகை, பட்டி, சாளரம், முனையம், அடைவு, கோப்பு போன்ற அடிப்படைச் சொற்களுக்கேனும், மொழிபெயர்க்கும் இளைஞரும் தமிழறிஞரும் ஓரிடத்து அமர்ந்து, பொறியை முன்வைத்து, ஒவ்வொன்றிற்கும் ஒரே சொல்லை உறுதிசெய்தல் வேண்டும்.

அரசு செய்யுங்காறும் காத்திருத்தல் வேண்டா. தமிழ் மன்றம் நடத்துவார், திங்களுக்கு ஒரு மாலையேனும் ஒரு கணிப்பொறியை நடுவில் வைத்துக் கூடுக. தமிழாசிரியர், தம் மாணவர் திரையிற் காணும் தமிழைப் படித்துப் பிழை கண்டவிடத்துத் திருத்தி அனுப்புக. அதற்கு எவர் ஒப்புதலும் வேண்டியதில்லை, உரிமை முன்னரே வழங்கப்பட்டுள்ளது. ஒரு பழுதைத் தீர்த்த மாணவர், தீர்த்த வழியைத் தமிழில் பத்து வரியில் எழுதி வைக்க. அப் பத்து வரி, எங்கோ ஒரு சிற்றூரில் வெறுமையான திரையின் முன் அமர்ந்திருக்கும் மற்றொரு பிள்ளையின் உழைப்பைக் காக்கும்.

திருப்பருத்திக்குன்றத்து ஓவியர், காண்பார் தம் மொழியிலேயே பொருளறிதல் வேண்டும் என்று கருதி, வண்ணத்தின் அடியில் தமிழை எழுதி வைத்தனர். அவ்வூரைச் சூழத் தறியோட்டும் கைகள் அறுந்த இழையைப் பெயரறிந்து, இடமறிந்து, முடிந்து நெய்கின்றன. அவ் விரண்டு அறிவும் தமிழர்க்கு உரியன. அவற்றைக் கணிப்பொறித் திரைக்கும் கொண்டு செல்க! பலகை மறையலாம், அதன் பெயர் தமிழ்ப்பிள்ளையின் நாவிலிருந்து மறையாதிருக்கட்டும்!